படுக்கையறையில் குளவி

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று ஆரம்பம் என்று அத்தை காலையிலேயே அறிவிப்பு. ஹைதராபாத் வெயிலுக்கு யாரும் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஏழுக்கே குழாயில் வெந்நீர்.

பறவைச் சட்டிகளில் பாசி. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி நிரப்பினேன். செம்மண் தட்டுக்கும் தண்ணீர். இந்தத் தட்டு என் சொந்தக் கண்டுபிடிப்பு: பழைய கேக் தட்டில் நர்சரிச் செம்மண்ணைக் கொட்டி, எப்போதும் ஈரமாக வைத்திருப்பது. கோடையில் குளவிகளுக்கு ஈரமண் கிடைப்பதில்லை. நாங்கள் இருக்கும் மௌலா அலியில் பாறையை விட்டால் கான்கிரீட், கான்கிரீட்டை விட்டால் பாறை.

ஓனர் ஆன்ட்டி (இனி ஓ.ஆ., எழுதி மாளவில்லை) மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, தண்ணீர் வைத்தால் பாம்பு வரும் என்றார். வரட்டும், அதற்கும் தாகம் இருக்காதா என்றேன். தெலுங்கில் சொன்னதால் கொஞ்சம் மரியாதையாகவே வந்துவிட்டது. தமிழாக இருந்தால் இன்னும் காரம் போட்டிருப்பேன்.

இன்று பார்த்தவை:
கொண்டைக்குருவி ஜோடி, குளிக்க.
ஓணான், மதில் மேல் தண்டால். கழுத்து ரத்தச் சிவப்பு.
ஆண் தேன்சிட்டு, சங்கரின் ஸ்கூட்டர் கண்ணாடியில் தன்னையே எதிரி என்று நினைத்துச் சண்டை. அரை மணி நேரமாவது இருக்கும். யாரும் விலக்கிவிடவில்லை.
கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஆறேழு புழு. வண்ணத்துப்பூச்சி ஆகப்போகிறவை. அத்தை இன்னும் பார்க்கவில்லை. கடவுளே, பார்க்காமல் இருக்க வேண்டும்.

அத்தை, அதாவது என் கணவன் சங்கரின் அம்மா, சங்கரன்கோவிலிலிருந்து கோடைக்கு வந்திருக்கிறார். ஜூன் கடைசிவரை இருப்பார். நல்ல மனுஷி. ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் வயிற்றைப் பார்க்கிறார், அப்புறம்தான் முகத்தை. தெரிந்து செய்வதில்லை.

மே 6, செவ்வாய்

வீட்டிலிருந்தே வேலை. மேசை படுக்கையறையில். காலை மீட்டிங்கில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வலையின் கிழிந்த மூலை வழியாகக் குளவி ஒன்று. ஆரஞ்சும் கறுப்பும். நூல் இடுப்பு. வாயில் மண் உருண்டை. நேராகக் கட்டிலுக்கு மேலே, டியூப்லைட்டுக்குப் பக்கத்துச் சுவர்.

மைக்கை அணைத்துவிட்டு நாற்காலி மேல் ஏறினேன். கேமரா அணைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மேனேஜர் “பல்பு மாற்றுகிறீர்களா” என்று கேட்டார். ஆமாம் என்றேன். மென்பொருளைச் சோதனை செய்து பிழை கண்டுபிடிப்பது என் வேலை, பொய் சொல்வது வேலையோடு வருவது.

மண்ணை வைத்து, தலையால் தட்டி, உள்பக்கம் ஒரு காலும் வெளிப்பக்கம் ஒரு காலுமாகத் தடவித் தடவி இழைக்கிறது. ரீங்காரம் வேறு. மதியத்துக்குள் குட்டி மண்பானை, கழுத்து, விளிம்பு எல்லாம். மண்ணின் நிறத்தைப் பார்த்தால் என் தட்டுதான். பெருமை தாங்கவில்லை. சம்பள உயர்வு வந்தபோதுகூட இவ்வளவு இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே கூரையிலிருந்து ஒரு மெல்லிய இழையில் ஒரே ஒரு முட்டை தொங்குகிறது. முட்டை முதலில், சாப்பாடு பிறகு.

சங்கரிடம் காட்டினேன். கட்டிலுக்கு மேலேயா என்றான். கொட்டாதா என்றான். நீ கொட்டாதவரை அதுவும் கொட்டாது என்றேன். தலையணையை மட்டும் மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டான். நல்லவன்.

மே 9, வெள்ளி

பானை நிரம்பி, வாய் அடைபட்டு, பக்கத்தில் இரண்டாவது பானை. பச்சைப் புழுக்களைக் கொண்டுவந்து திணித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அத்தை துணி மடிக்க உள்ளே வந்தார். நான் பயந்தது துடைப்பத்துக்கு. அத்தை துணியைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஏளா செல்வி, குளவி கூடு கட்டிருக்குல்லா. அதுவும் கட்டிலுக்கு நேரா மேல.”

அவர்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. குளவி வீட்டுக்குள் கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை உண்டாகும். எங்கள் அம்மாவும் சொல்வாள். அத்தையிடம் இன்னும் நுணுக்கம்: கரிசல் மண்ணில் கட்டினால் ஆண், செம்மண்ணில் கட்டினால் பெண். ஸ்டூல் போட்டு ஏறி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கி, செம்மண் என்று உறுதி செய்துகொண்டார். கண்ணில் தண்ணீர்.

நர்சரி மண் அத்தை, நான்தான் வாங்கி வைத்தேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

பத்து நிமிஷத்தில் மதினிக்குப் போன். சங்கரின் அக்கா, தென்காசியில். சாயங்காலத்துக்குள் சங்கரன்கோவில், தென்காசி, கடையநல்லூர் முழுக்கச் செய்தி. குளவிக்கு இவ்வளவு புகழ் தேவையில்லை.

எழுதியே வைத்துவிடுகிறேன், இங்கேயாவது. சிகிச்சை ஜனவரியோடு முடிந்தது. ஊசி, ஸ்கேன், காத்திருப்பு, போன் வந்தபின் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகை. போதும் என்று முடிவு செய்தோம். நானும் சங்கரும் உட்கார்ந்து பேசி, இரண்டு பேரும் மனதாரச் சொன்னது. அன்று பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம். அம்மாவிடம் மெதுவாகச் சொல்கிறேன் என்றான். தைப்பூசம் போயிற்று. சிவராத்திரி போயிற்று. இப்போது குளவி கூடு கட்டிவிட்டது.

மே 12, திங்கள்

கறிவேப்பிலைப் புழுக்கள் அத்தை கண்ணில் பட்டாயிற்று. செடி மொட்டை. ரசத்துக்குத் தாளிக்கப் போனவர் வெறும் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டில் செடி வைத்துக்கொண்டு கடையில் கறிவேப்பிலை வாங்குகிற பைத்தியத்தை இப்போதுதான் பார்க்கிறாராம். ஆமாம், வாங்குகிறேன். அதுகளுக்குக் கடைக்குப் போகத் தெரியாது.

மதியம் ஓ.ஆ. மருந்து அடிக்கிற ஆளோடு இறங்கி வந்தார். முதுகில் டப்பா. கரப்பான், பல்லி, சிலந்தி, குளவி எல்லாம் ஒரே தடவையில் போய்விடுமாம். வாசலிலேயே நின்று முடியாது என்றேன். வாடகை கொடுக்கிற வீட்டுக்குள் என் சம்மதம் இல்லாமல் யாரும் மருந்து அடிக்க முடியாது என்றேன். எனக்கே என் குரல் பிடித்திருந்தது.

அப்போதுதான் வேடிக்கை. அத்தை உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் நின்றார். இடுப்பில் கை. ஓ.ஆ.வைப் பார்த்துத் தமிழிலேயே, குளவி மேல கை வச்சா குலத்துக்கே ஆகாதும்மா என்றார். ஓ.ஆ.வுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, தொனி புரிந்தது. மருந்துக்காரர் டப்பாவைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் கேட்டார். மோர் கொடுத்தோம்.

ஒரே கூட்டைக் காப்பாற்ற இரண்டு பேர் நிற்கிறோம். நான் குளவிக்காக, அத்தை பேத்திக்காக. அவர் பக்கத்தில் நிற்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, திருட்டுத்தனமாகவும் இருந்தது. சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது. எரிச்சல் சங்கர் மேல்.

மே 14, புதன்

குளவி இரண்டு பானையும் மூடி, மூன்றாவதும் முடித்து, எல்லாவற்றுக்கும் மேலே மொத்தமாக மண் பூசிவிட்டுப் போய்விட்டது. இப்போது பார்த்தால் யாரோ சேற்றை அள்ளி எறிந்த மாதிரி. இனி அது திரும்பி வராது. வேலை முடிந்தது, கிளம்பிவிட்டது. எனக்கு அந்தக் குணம் பிடிக்கும்.

ரோஜா இலைகளில் வட்ட வட்டமாகக் கத்தரித்த ஓட்டை. இலைவெட்டித் தேனீ. பிளேடால் வெட்டியது போல் சுத்தம். அத்தை: “இதுவும் ஒன் ஆளுதானா?” ஆமாம் என்றேன்.

பால் பாக்கெட், வாஷிங் மெஷின் ஆள் வரவில்லை, கரன்ட் இரண்டு முறை போனது. 43 டிகிரி.

மே 17, சனி

இன்று கோபம். எழுதினால் அடங்கும்.

அத்தை சமையலறையில் போனை ஸ்பீக்கரில் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் பின்பக்கம், மதிலோரம், குழியானைக் குழிகளைப் பார்த்தபடி. எறும்பு ஒன்று விளிம்பில் சறுக்குகிறது, உள்ளே புதைந்திருக்கும் பூச்சி மண்ணை வாரி அடிக்கிறது. நல்ல நேரம் அது. ஜன்னல் வழியாக மதினியின் குரல்.

“பாவம்மா அவா. புள்ள இல்லாத ஏக்கம்தான், புழு பூச்சியெல்லாம் வளக்கா.”

அத்தை ம் என்றார். அந்த ம்-தான்.

நான் பாவம் இல்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். சங்கர் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் அவனிடம் பேசிய முதல் வாக்கியமே “அசையாதீங்க, உங்க காலர்ல கும்பிடுபூச்சி” என்பது. மதினியும்தான் அங்கே இருந்தாள், கேசரி சாப்பிட்டுக்கொண்டு. அப்போது எந்த ஏக்கத்தில் பார்த்தேனாம்? ஆறு வயதில் மரவட்டையைப் பென்சில் டப்பாவில் போட்டுப் பள்ளிக்கூடம் கொண்டுபோனேனே, அது எந்தப் பிள்ளைக்காக?

ஒருத்தன் கிரிக்கெட் பார்க்கிறான். அவனை யாராவது ஏக்கம் என்கிறார்களா? மதினி நாள் முழுக்க சீரியல் பார்க்கிறாள். அது என்ன குறைக்கு?

பிள்ளைக்குப் பதில் இல்லை இந்தப் பூச்சிகள். எதற்கும் பதில் இல்லை. இது இது, அவ்வளவுதான்.

குழியானை கடைசியில் எறும்பைப் பிடித்துவிட்டது. அதைப் பார்க்காமல் விட்டேன், மதினியால்.

மே 18, ஞாயிறு

சங்கரிடம் சொன்னேன். இன்றே சொல் என்றேன். தலையைச் சொறிந்தான். அம்மா இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள், ஊருக்குப் போன பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம் என்றான். சட்டியில் இருப்பதை அகப்பையில் எடுக்க இவனுக்கு ஜூலை ஆக வேண்டும்.

மாலையில் அவனே வந்து, வைரி, சின்ன வேட்டைப் பருந்து, பக்கத்துத் தென்னையில் இருக்கிறது, வந்து பார் என்று கூப்பிட்டான். சமாதானக் கொடி. போனேன். சிவந்த கண், வரிவரியான மார்பு. அணில்களெல்லாம் ஒரே கத்தல். அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதி இருக்கிறது, இருக்கட்டும்.

மே 21, புதன்

ஒரே நாளில் இரண்டு செய்தி.

ஒன்று: ஓ.ஆ. மகனுக்குக் கல்யாணம். வீடு முழுக்கப் பெயின்ட், உள்ளே வெளியே. நம் பகுதிக்கு வரும் செவ்வாய்க்கிழமை. படுக்கையறைச் சுவரில் உள்ள “அந்த மண்ணை” அதற்குள் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெயின்டரே சுரண்டிவிடுவார். உள்ளே இருப்பது வெளியே வர இன்னும் கொஞ்ச நாள் வேண்டும், அந்த ஒரு துண்டை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். ஒரு கைப்பிடி மண்ணுக்காகச் சுவரை அசிங்கமாக விடுவதா என்றார்.

இரண்டு: மதினி திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் ஜூன் மாதத்துக்கு எனக்கு நேரம் வாங்கிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. அத்தை ஊருக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போவதாகத் திட்டம். குளவி சொல்லிவிட்டதே, இனி டாக்டர் பாக்கி மட்டும்தானே.

ஆக, கூட்டுக்குச் செவ்வாய். எனக்கு ஜூன்.

சங்கர் வாரக்கடைசியில் சொல்கிறானாம். வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நான் சொன்ன மறுநிமிஷம் அத்தைக்கு அந்தக் கூடு வெறும் மண். செவ்வாய்க்கிழமை எனக்கு ஆபீஸ், ரிலீஸ் நாள், லீவு கிடையாது. சங்கருக்கு ஆடிட். வீட்டில் அத்தை மட்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் கூடு பிழைக்கும். சொன்னால் நான் பிழைப்பேன்.

மே 22, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மதியம் கரன்ட் இல்லை. ஓ.ஆ. கொடுத்த மாங்காயை ஊறுகாய்க்கு நறுக்கிக்கொண்டிருந்தோம், தரையில் உட்கார்ந்து. வியர்வை கண்ணுக்குள். அத்தை ரயில் டிக்கெட் பற்றிப் பேச்செடுத்தார். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

“அத்தை, நான் ஜூன்ல வரல. இனிமே எந்த ஆஸ்பத்திரிக்கும் போகல. ஜனவரியிலயே நிறுத்திட்டோம். உங்க மகனும் நானும் சேந்து எடுத்த முடிவு.”

அத்தை மாங்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. இரண்டு காய் முடிந்தது. அப்புறம்தான் பேசினார்.

“குளவி கட்டியிருக்கும்போது இப்படிச் சொல்லுதியே.”

எல்லாவற்றையும் சொன்னேன். செம்மண் நர்சரி மண். தட்டு வைத்தது நான். ஜன்னல் வலை கிழிந்திருந்தது. அத்தை விடவில்லை. புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் குளவியாக்குமே, தன் பிள்ளையாக்குமே, அதுவும் பொய்யா என்றார். பொய்தான் அத்தை, உள்ளே அதன் முட்டை இருக்கிறது, பொரிந்து வருவதற்கு அந்தப் புழு சாப்பாடு என்றேன். முகம் விழுந்துவிட்டது. பிள்ளை இல்லை என்றதைவிட இதுதான் அதிகம் வலித்ததோ என்னவோ.

“ஒனக்கு வருத்தமே இல்லயா?”

“இருந்துச்சு. அழுது முடிச்சுட்டேன் அத்தை. மறுபடியும் அழச் சொல்லாதீங்க.”

மாங்காயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். மீதியை நானே நறுக்கினேன். உப்புப் போட்டேன். கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். செய்த தப்பு ஒன்றும் இல்லை.

மே 24, சனி

அத்தை பேசுவது: சாப்பிடு. குளிச்சாச்சா. பால் பொங்குது. அவ்வளவுதான்.

சங்கர் அம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம். வெளியே வரும்போது கண் சிவப்பு. என்ன சொன்னார் என்று கேட்டேன். “உன்ன ஒண்ணும் சொல்லல. என்னைத்தான். அஞ்சு மாசமா எங்கிட்ட மறைச்சியேடான்னு.” சரிதான். பட வேண்டியதுதான்.

படுக்கையறை ஜன்னலை யாரோ சாத்திவிடுகிறார்கள். நான் திறக்கிறேன். திரும்பி வந்தால் சாத்தியிருக்கிறது. கூடு மூடித்தான் இருக்கிறது, இப்போதைக்கு ஜன்னல் எப்படி இருந்தாலும் ஒன்றுதான். இருந்தாலும் திறந்தேன்.

மறுபடி துளிர்த்த கறிவேப்பிலையில் ஒன்று கூட்டுப்புழு ஆகிவிட்டது. பச்சை. இலையா பூச்சியா என்று கண்டுபிடிக்க எனக்கே நேரம் பிடித்தது. யாரிடமும் காட்டவில்லை. காட்ட ஆள் இல்லாத மாதிரி இருந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் எரிச்சல்.

மே 26, திங்கள்

நாளை பெயின்ட். கட்டிலை நடு அறைக்கு இழுத்தாயிற்று, புடவை போட்டு மூடியாயிற்று. ஓ.ஆ.விடம் மறுபடி போனேன். முடியாது. மேனேஜரிடம் வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று கேட்டேன். முடியாது. சங்கர் ஆடிட்டை ஒத்திப்போட முயன்றான், பாவம், அதுவும் முடியாது.

அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று. இரண்டு தடவை வாசல்வரை போனேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு தலை சீவிக்கொண்டிருந்தார். என் மனதில் ஒரே எண்ணம்: நான் பெறாத பேத்தியின் கூட்டைக் காப்பாற்றுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? திரும்பிவிட்டேன். திமிர்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

மே 27, செவ்வாய்

ஆபீஸ் வண்டியில் போகும்போதும் வரும்போதும் கூட்டின் நினைப்பு. ரிலீஸில் ஒரு பிழைகூடக் கண்ணில் படவில்லை. நாளை யாராவது கண்டுபிடித்துத் திட்டுவார்கள்.

வீட்டுக்கு வரும்போது பெயின்டர் ரஹீம் பாய் வாசலில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். உள்ளே போய்ப் பாருங்கள் என்று கையைக் காட்டினார்.

சுவர் முழுக்க வெளிர்நீலம். டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் மட்டும், ஒரு சப்பாத்தி அளவுக்கு, பழைய மஞ்சள். நடுவில் கூடு. ஒரு துளி பெயின்ட் படவில்லை.

ரஹீம் பாய் சொன்ன கதை: கூட்டைச் சுரண்டத் தகட்டை எடுத்தாராம். அம்மா, அதாவது அத்தை, ஸ்டூலைச் சுவருக்கு அடியில் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். “ஏக்கீச் பாத் போலே மேடம், நக்கோ.” ஒரே பேச்சுதான் பேசினாராம், நக்கோ என்று. காய்கறி வண்டிக்காரரிடம் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தை. அத்தைக்கு ஹைதராபாத்தில் தெரிந்த மொத்த பாஷையும் அந்த “வேண்டாம்”தான். ஓ.ஆ. இறங்கி வந்து தெலுங்கில் கத்தியிருக்கிறார். அத்தை தமிழில் கத்தியிருக்கிறார். அப்புறம் இரண்டு பேரும் களைத்துப்போக, ஓ.ஆ. மாடிக்கே போய்விட்டாராம். ரஹீம் பாய் சாப்பிடப் போன நேரத்தில்கூட அம்மா ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லையாம்.

சமையலறைக்குப் போனேன். அத்தை தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஏன் அத்தை என்று கேட்டேன்.

“நீ பாத்துப் பாத்து வச்சிருக்க. நான் வீட்டுல இருக்கும்போது எவனோ வந்து சொரண்டிட்டுப் போனா, நான் என்னத்துக்கு இருக்கேன்?”

தட்டை நீட்டினார். சட்னியில் காரம் அதிகம். காரத்தால்தான் என்று சொல்லிக்கொண்டு மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

மே 31, சனி

கத்திரி முடிந்துவிட்டது என்கிறார் அத்தை. தெலுங்குக் கணக்கில் ரோகிணி கார்த்தி இப்போதுதான் ஆரம்பம், இனிமேல்தான் வெயில் என்கிறார் ஓ.ஆ. வெயில் இரண்டு பேர் பேச்சையும் கேட்பதாக இல்லை. ஓ.ஆ. இறங்கி வந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசினார், அத்தையிடம் இல்லை. ஆனால் மாங்காய் இன்னும் ஒரு பை அனுப்பினார்.

மத்தியானத்தில் அத்தை கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு கூட்டையே பார்க்கிறார். எப்போது வரும் என்கிறார். தெரியாது என்றேன். உனக்கே தெரியாதா என்று ஒரு பார்வை.

அப்படியே கண் மூடியபடி, அந்தப் புழு பாவம் இல்லையா என்றார். பாவம்தான் என்றேன். குளவியும் பாவம்தான், ஒண்டியா அவ்வளவு மண்ணு சுமந்துச்சு என்றார். இரண்டும் சரி என்றுதான் எனக்கும் படுகிறது.

கறிவேப்பிலைக் கூட்டுப்புழு காலையில் வெளியே வந்துவிட்டது. கறுப்பும் மஞ்சளும். இறக்கை காயும்வரை அத்தை துணி உலர்த்த அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் கரப்பானை மட்டும் இன்றும் செருப்பால்தான். அதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

ஜூன் 3, செவ்வாய்

விடியலில் நாலு தூறல். மண் வாசனை, அப்புறம் புழுக்கம். வீட்டிலிருந்து வேலை.

பதினொரு மணிக்குக் கூட்டில் சின்னச் சத்தம். கரகர என்று. அத்தைக்குத்தான் முதலில் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். மண்ணில் ஒரு புள்ளி ஈரமாகி, ஓட்டையாகி, உள்ளேயிருந்து ஒரு தலை. மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கேமராவையும் அணைத்தேன்.

தலை, அப்புறம் தோள், அப்புறம் கொஞ்ச நேரம் ஓய்வு. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நகம் பதிய. முழுசாக வெளியே வந்து சுவரில் நின்று மீசையைத் துடைத்தது. புத்தம் புது ஆரஞ்சு. ஜன்னலை நோக்கி ஒரே பாய்ச்சல்.

அந்த நேரம் பார்த்து மதினியின் போன். அத்தை கட்டிலில் ஏறி நின்றபடியே எடுத்தார், கண்ணைச் சுவரிலிருந்து எடுக்காமல். ஸ்பீக்கர். டிக்கெட் போட்டாச்சா என்று மதினி. டாக்டர் ரொம்ப ராசியானவராம். குளவி விஷயத்தை டாக்டரம்மாவிடமே சொல்லிவிட்டாளாம்.

“டாக்டர வேண்டாம்னு சொல்லிரு. செல்வி வரமாட்டா. நானும் கூட்டிட்டு வரமாட்டேன்.”

மதினி ஏதோ ஆரம்பித்தாள். ஏன், என்னாச்சு, அவள் என்ன சொல்லி உன்னை மயக்கினாள், அப்ப குளவி கட்டினது என்று அடுக்கினாள். நான் போனை வாங்கக் கை நீட்டினேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டார்.

“குளவி நல்லாருக்கு. எம் மருமகளும் நல்லாருக்கா. போன வையிட்டி, இங்க ரெண்டாவது வந்துகிட்டு இருக்கு.”